நித்திரை கொள்கிற பிள்ளை சுகமான பிள்ளை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஐஸ் (மெதம்பெட்டமின்) போதைப்பொருள் பற்றி ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாவிக்கிற இளைஞர்களை எல்லாம் பிடித்து ஆறு மாதம் முகாமில் போட்டால் சரியாகிவிடும், வைத்தியசாலைக் கட்டில்களை அவர்களுக்குக் கொடுப்பது உண்மையான நோயாளிகளுக்குச் செய்கிற அநியாயம் என்பது அவருடைய கருத்து. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னர் எங்கள் சனசமூக நிலையத்தில் இருந்து நானும் இதையேதான் கதைத்தேன். பிறகு என் மகனுடைய உயிர் அப்படியொரு கட்டிலில்தான் தப்பியது. அதனால் எழுதுகிறேன்.

நான் 31 வருடமாகச் சைக்கிள் திருத்துகிறவன். வீட்டோடு சேர்ந்த கடை. மகனுக்கு அப்போது 23 வயது. சாதாரண தரம் எழுதிய பிறகு என்னோடுதான் வேலை. கை நல்ல கை. றிம் கோணல் எடுப்பதில் என்னையே மிஞ்சினவன்.

ஒரு மாரிகாலத்தில் அவன் இரவிலும் வேலை செய்யத் தொடங்கினான். நான் படுக்கும்போது கடையில் லைட் எரியும், காலையில் எழும்பினாலும் எரியும். எனக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று மனைவியிடமும் சொன்னேன். ஒருநாள் விடியப்புறம் போய்ப் பார்த்தேன். ஒரு பின் ஹப்பைக் கழற்றி, போல்ஸ் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, பழைய பேப்பரில் வரிசை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். அடுத்த நாளும் அதே ஹப். அதற்கடுத்த நாளும் அதே. கழற்றுவான், கழுவுவான், அடுக்குவான், திரும்பப் பூட்டமாட்டான். ஆட்கள் கொண்டுவந்து விட்ட ஐந்து சைக்கிள்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. இது ஐஸ் பாவிக்கிறவர்களிடம் வழக்கமாகக் காணுகிற அறிகுறி என்று பின்னர் டொக்டர் சொன்னார். ஒரே வேலையை மணிக்கணக்காகத் திரும்பத் திரும்பச் செய்வார்களாம், கையை எடுக்க ஏலாதாம். நான் அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்திருந்தேன்.

மற்றதெல்லாம் கெதியில் வந்தது. இடுப்புப் பட்டியில் புது ஓட்டை போட்டான். பல்லைக் கடித்துக் கடித்து ஒரு பல்லின் ஓரம் உடைந்தது. கையில் பூச்சி ஊருகிறது என்று இரத்தம் வரும்வரை சொறிந்தான். எதிர்வீட்டு ஓட்டுக்குள் கமரா வைத்திருக்கிறார்கள் என்று ரயர் வந்த மட்டையை வெட்டி யன்னல்களை மூடினான். தாய் கொடுத்த தேத்தண்ணீரை, நீங்கள் முதலில் குடியுங்கள் என்று திருப்பிக் கொடுத்தான். அன்று அவள் குசினிக்குள் போய் அழுத சத்தம் இப்போதும் என் காதுக்குள் இருக்கிறது.

மெத்தைக்குக் கீழே கண்ணாடிக் குழாயைக் கண்டெடுத்தபோது முதலில் வந்தது பயம்தான். 2022 நவம்பரில் வந்த சட்டத்திருத்தத்தின்படி 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்பது ஊரெல்லாம் தெரிந்த விடயம். என் மகனிடம் இருந்தது பொலித்தீன் பையின் மூலையில் ஒட்டியிருந்த தூள். ஆனால் அந்த நேரம் எனக்கு அளவும் தெரியாது, சட்டமும் தெரியாது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் பிள்ளை திரும்பி வரான் என்று மட்டும்தான் ஓடியது. இந்தப் பயத்தினால் நான் ஏழு வாரத்தை வீணாக்கினேன்.

அந்த ஏழு வாரத்துக்குள் ஒரு தனியார் இடத்துக்கும் போய்ப் பார்த்தேன். பெயர் வேண்டாம். முன்பணம் கேட்டார்கள். பின்பக்க விறாந்தையில் ஒரு பொடியன் குந்திக்கொண்டிருந்தான், காலில் வீக்கம். டொக்டர் எந்த நாளில் வருவார் என்று கேட்டேன். “இங்க டொக்டர் தேவையில்லை ஐயா, பயம் காட்டினாத் திருந்துவாங்கள்” என்றார் அந்த மனிதர். நான் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் வந்து நான் செய்ததும் பெரிய வித்தியாசமான காரியம் இல்லை. மைத்துனனையும் சேர்த்துக்கொண்டு மகனை அறைக்குள் விட்டு வெளியே பூட்டினேன்.

ஆசிரியர் அவர்களே, இனி எழுதப்போவதுதான் நான் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வந்தது.

முதல் நாள் கொஞ்சம் கத்தினான். அன்றிரவு தூங்கினவன் அடுத்த நாள் முழுக்க நித்திரை. மூன்றாம் நாளும் நித்திரை. இடையில் எழும்பி இரண்டு கோப்பை புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்தான். மாதக் கணக்காகச் சாப்பிடாத பிள்ளை சாப்பிடுகிறான், தூங்காத பிள்ளை தூங்குகிறான். பேய் விட்டுவிட்டது என்று மனைவி பிள்ளையார் கோயிலில் தேங்காய் அடித்தாள். நான் அறைப் பூட்டைத் திறந்துவிட்டேன். மைத்துனனைப் போகச் சொன்னேன். அன்றிரவு நாங்கள் இரண்டு பேரும் பல மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகப் படுத்தோம்.

நான்காம் நாள் விடியற்காலை அவன் தன் உயிரை எடுக்கப் பார்த்தான். எப்படி என்பதை எழுதமாட்டேன், எழுதவும் கூடாது. சலம் கழிக்க எழும்பிய மனைவிதான் கண்டாள். 1990க்கு அழைத்தோம், சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டொக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை நாளா நித்திரை?” என்பதுதான். நான் திகைத்துப்போனேன். நான் சந்தோஷப்பட்ட நித்திரையைத்தான் அவர் வருத்தத்தின் அடையாளமாகக் கேட்டார். ஐஸை நிறுத்தியதும் வருவது அந்த நித்திரை. டோபமைன் என்று மூளையில் ஒரு இரசாயனம் இருக்கிறதாம். மனிதனுக்குச் சந்தோஷம், உற்சாகம், ஒரு காரியத்தில் நாட்டம் எல்லாம் அதனால் வருகிறதாம். ஐஸ் அதை ஒரேயடியாகக் கொட்ட வைக்கும். மூன்று மாதச் சம்பளத்தை ஒரே இரவில் செலவழித்தவன் மாதிரி, நிறுத்தும்போது கையில் ஒன்றும் இருக்காது என்று விளங்கப்படுத்தினார். முதல் இரண்டு மூன்று நாள் அடித்துப்போட்ட மாதிரித் தூங்குவார்கள். அதன் பிறகுதான் மனம் பாதாளத்துக்குப் போகும். ஒரு வாரம், பத்து நாள் கடுமையாக இருக்கும், பிறகு இன்னும் இரண்டு மூன்று வாரம் மெல்ல மெல்லக் குறையும். உயிராபத்து கூடின நாட்கள் தூங்கி எழும்பின பிறகு வருகிறவை. நான் பூட்டைத் திறந்து, காவலை எடுத்தது சரியாக அந்த நாளில்.

வைத்தியசாலைப் பொலிஸார் வந்து ஒரு வாக்குமூலம் எடுத்தார்கள். அவ்வளவுதான். தன் உயிரை மாய்க்க முயல்வது இந்த நாட்டில் 1998க்குப் பிறகு குற்றம் இல்லை என்று அன்றுதான் அறிந்தேன். நான் ஏழு வாரம் நடுங்கிய விடயம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

மனநலப் பிரிவில் 17 நாள் இருந்தான். அங்கே என்ன செய்தார்கள் என்று விபரமாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் “ஐஸுக்கு மருந்தே இல்லையே, பிறகு ஏன் வைத்தியசாலை” என்று பலபேர் கேட்கிறார்கள். மருந்து இல்லை என்பது உண்மைதான். ஹெரோயினுக்கு மெதடோன் மாதிரி மாற்று மருந்துகள் உலகத்தில் இருக்கின்றன. ஐஸுக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட ஒரு குளிசையும் இன்னும் இல்லை. டொக்டரே இதை மறைக்காமல் சொன்னார். ஆனால் வாட்டில் நடந்தது வேறு.

முதலில், ஐஸோடு வேறு என்ன எடுத்தாய் என்று மகனிடம் தனியாக, கோபமில்லாமல் கேட்டார்கள். சாராயமோ நித்திரைக் குளிசையோ நெடுநாள் எடுத்தவன் அதைத் திடீரென்று விட்டால் வலிப்பு வந்து சாகலாமாம், அதற்கு வைத்தியம் வேறு. இதை நான் வீட்டில் பூட்டி வைத்தபோது யார் கேட்டது? பிரஷர் பார்த்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள், ஏனென்றால் ஐஸ் இதயத்தையும் அடிக்கிறது. அவனுடைய சலம் தேயிலைச் சாயம் மாதிரிப் போனது. தசைகள் உடைந்து சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது என்று சேலைன் ஏற்றி, இரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். கமரா பயத்துக்கு இரவில் ஒலன்சபின் என்ற குளிசை. பதறி எழும்பிய இரண்டு இரவு மட்டும் டயஸிபாம், அதையும் மூன்றாம் இரவு நிறுத்திவிட்டார்கள். அதுவும் பழகிவிடக்கூடிய மருந்து என்பதால்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வைத்தியம் ஒரு கடதாசி. நேர்ஸ் மேசைக்கு நேர் எதிரே கட்டில். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒருவர் வந்து அவன் முகத்தைப் பார்த்து, அந்தக் கடதாசியில் நேரத்தை எழுதி ஒப்பம் வைப்பார். இரவு இரண்டு மணிக்கும் வைப்பார். பெற்ற தகப்பன் என்னால் நான்காம் நாள் செய்ய முடியாமல் போனதை, சம்பளத்துக்கு வேலை செய்கிற அந்தப் பிள்ளைகள் ஆறு நாள் தொடர்ந்து செய்தார்கள். களைத்துப்போன தாய் தகப்பனால் இது ஏலாத வேலை. மாறி மாறி வருகிற ஆட்கள் வேண்டும்.

ஏழாம் நாள் என்று நினைக்கிறேன், நான் துணைக்கு இருந்தேன். இடியப்பமும் சொதியும் கொண்டுபோயிருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “அப்பா, எனக்கு ஒண்டும் ருசிக்கேல்லை” என்றான். சொதி புளிச்சுப்போச்சோ என்று கேட்டேன். “சாப்பாடு இல்லையப்பா. ஒண்டுமே” என்றான். அந்தச் சொல் விளங்க எனக்கு நேரமெடுத்தது. சைக்கிள், கிரிக்கெட், சிநேகிதர், தாய், நான், எதுவுமே அவனுக்கு ருசிக்கவில்லை. டொக்டரிடம் சொன்னபோது, மூளை பழைய நிலைக்கு வரப் பல மாதம் எடுக்கும், ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கலாம், ஆனால் பெருமளவு திரும்பி வரும் என்றார். அந்த இடைவெளியில்தான் நிறையப் பேர் திரும்ப ஐஸுக்குப் போகிறார்கள், கெட்ட புத்தியால் இல்லை, வேறு எதிலும் உயிர் இல்லாததால் என்றும் சொன்னார். இந்தச் சாமான் நேற்று வந்ததும் இல்லையாம். 1893 இல் ஜப்பானில் ஒரு விஞ்ஞானி செய்தது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன், ஜப்பான் சிப்பாய்களுக்கு நித்திரை வராமல் இருக்கக் குளிசையாகக் கொடுத்தது. சண்டைக்கு என்று கொடுத்ததை எங்கள் ஒழுங்கை முடக்கில் நின்று விற்கிறார்கள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, மன்னிக்கவும்.

அந்த வாசகர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கட்டில் காணாது என்பது உண்மை. நான் அந்த 17 நாளும் வாட்டில் நின்றவன். டெங்கு நேரத்தில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்த நோயாளிகளையும் கண்டிருக்கிறேன். ஆனால் வீட்டிலோ லொக்கப்பிலோ இந்த நாட்களைக் கழிக்கிற பொடியனுக்கு வலிப்போ, நெஞ்சு நோவோ, சிறுநீரகம் பழுதோ வந்தால் அவனும் அதே வைத்தியசாலைக்குத்தான் வருவான். அப்போது அவனுக்கு வேண்டியது சாதாரணக் கட்டில் இல்லை, அதிதீவிர சிகிச்சைப் பிரிவு. அல்லது அவன் வரவே மாட்டான், வீட்டு வாசலில் பந்தல் போடுவோம்.

முகாம் பற்றி. கந்தக்காடு புனர்வாழ்வு முகாமில் 2022 ஜூனில் ஒருவர் இறந்த பிறகு நூற்றுக்கணக்கானவர்கள் வேலியை உடைத்து ஓடியதை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அந்த இடத்தைப் பற்றி அதற்கு மேல் நான் நேரில் அறிந்தவன் இல்லை. நீண்ட காலப் புனர்வாழ்வு சிலருக்குத் தேவைப்படலாம், அதை நான் மறுக்கவில்லை. தொழில் பழகட்டும், உடற்பயிற்சி செய்யட்டும், நல்லது. நான் கேட்பது முதல் இரண்டு மூன்று வாரத்தைப் பற்றி மட்டும். அந்த நாட்களில் ஒருவனுக்கு வேண்டியது கட்டளை போடுகிறவர் இல்லை. நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்தவர். நீதிமன்றம் புனர்வாழ்வுக்கு அனுப்புகிற பிள்ளையானாலும் சரி, முதலில் ஒரு வைத்தியசாலை வாட்டில் அந்த நாட்களைக் கடக்கட்டும், அதற்குப் பிறகு அனுப்புங்கள். போதைப்பொருளுக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தில் தானாக விரும்பிச் சிகிச்சைக்குப் போகவும் வழி இருக்கிறது. அந்த வழியில் ஒருவன் கதவைத் தட்டும்போது கதவு பக்கத்து ஊரில் இருக்கவேண்டும். கொழும்புக்குப் பக்கத்தில் அங்கொடையில் இருக்கிற மனநல வைத்தியசாலைக்கு அனுப்பினால், யாழ்ப்பாணத்திலிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். நிறுத்தவேண்டும் என்ற எண்ணம் ஒரு பொடியனுக்கு வந்து, அது நிலைக்கிற நேரம் சில மணித்தியாலம்தான். கொழும்பு பஸ் வெளிக்கிட முதல் அது போய்விடும்.

ஆகவே மாகாண சுகாதாரத் துறையிடம் என் கோரிக்கை இதுதான். வடக்கில் ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையிலும் இதற்கென்று நான்கைந்து கட்டில், பழக்கப்பட்ட நேர்ஸ்மார், அந்த 15 நிமிடக் கடதாசி. பெரிய கட்டடம் வேண்டாம், திறப்புவிழாவும் வேண்டாம். அதோடு, சிகிச்சைக்கு வந்தவனைப் பொலிஸுக்குக் காட்டிக்கொடுக்கமாட்டோம் என்று வைத்தியசாலை வாசலில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தால், என்னைப் போல ஒரு தகப்பனுக்கு ஏழு வாரம் மிஞ்சும்.

வாட்டை விட்டு வந்த பிறகும் கதை முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளினிக். சலம் பரிசோதிப்பார்கள், ஆற்றுப்படுத்துநர் அரை மணித்தியாலம் கதைப்பார். ஐஸுக்கு இன்று இருக்கிற வைத்தியங்களில் நன்றாக வேலை செய்வது ஒரு எளிய விடயம் என்று அவர் சொன்னார். பரிசோதனை சுத்தமாக வந்தால் உடனே ஒரு சின்னப் பரிசு. வெளிநாடுகளில் கூப்பன் கொடுக்கிறார்களாம். இங்கே அதற்குக் காசு ஒதுக்கவில்லை. நான் யோசித்துவிட்டு, பரிசை நான் கொடுக்கிறேன் என்றேன். ஒவ்வொரு சுத்தமான பரிசோதனைக்கும் கடையிலிருந்து ஒரு புதுச் சாமான், அவனே தனக்கென்று ஒரு சைக்கிள் பூட்ட. முதலில் பிரேம். பிறகு முன் றிம், பின் றிம், கம்பிகள், செயின், பெடல். காசு கையில் கொடுப்பதில்லை, அது ஆபத்து. ஆறாவது தடவை பரிசோதனை பிழைத்தது. ஒரு சிநேகிதனின் கலியாண வீட்டுக்குப் போய் ஒரு இரவு பாவித்திருந்தான். வீட்டை விட்டுத் துரத்து என்று அண்ணர் சொன்னார். டொக்டர் திட்டவில்லை, கிளினிக் கொப்பியில் எழுதி, அடுத்த தவணையை ஒரு வாரத்துக்கு முன்னே போட்டார். அன்று சாமான் இல்லை, ஏச்சும் இல்லை. அடுத்த கிளினிக்குக்கு அவனாகவே காலை ஆறு மணிக்கு எழும்பிப் போனான்.

இதை வாசிக்கிற தாய் தகப்பன் யாராவது, இரண்டு நாளாகத் தூங்குகிற ஒரு பிள்ளையை வீட்டில் வைத்திருந்தால், கதவைப் பூட்டவும் வேண்டாம், நிம்மதியாகப் படுக்கவும் வேண்டாம். தண்ணீரும் சாப்பாடும் கொடுங்கள். வீட்டிலிருக்கிற குளிசைகளையும் பூச்சி மருந்தையும் அயலில் கொடுத்துவிடுங்கள். தனியே விடாதீர்கள். எழும்பியதும் பழைய கணக்குக் கேட்காதீர்கள். காய்ச்சல் கொதித்தால், நெஞ்சு நொந்தால், வலிப்பு வந்தால், சாவைப் பற்றி ஒரு சொல் கதைத்தால், விடியும்வரை பார்க்காமல் 1990. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் மனநல உதவிக்கு 1926, போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சபைக்கு 1927. வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். என்ன பாவித்தான், கடைசியாக எப்போது பாவித்தான் என்பதை டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மானம் பிறகு பார்க்கலாம்.

மகன் சுத்தமாக இருந்து இப்போது 14 மாதம். இந்தக் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டி, அவன் சரி என்று சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன். அந்த நான்காம் நாளைப் பற்றி எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டேன். “எழுதுங்கோ அப்பா, அதைத்தான் எழுதவேணும்” என்றான்.

என் பெயரைப் போடவேண்டாம், மகளுக்குக் கலியாணம் பேசுகிறோம். என் தொலைபேசி இலக்கத்தை உங்கள் அலுவலகத்தில் தனியாகக் கொடுத்திருக்கிறேன். எந்தத் தாயோ தகப்பனோ கேட்டால், எந்த நேரமானாலும் கொடுங்கள். இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
சைக்கிள் திருத்துநர் ஒருவர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.